வேலிக்கம்பத்து வாளி

செப்டம்பர் 14, சனி

நாற்பது லிட்டர் பீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓடையில் ஊற்றினால் மீனுக்கு ஆகாது. அதனால் வாளியில் அள்ளி வீட்டுக்குள் தூக்கி வந்து கழிவறையில் ஊற்றினேன். ஆறு நடை. முதுகு போயிற்று. வீடு முழுக்கப் புளித்த ரொட்டி நாற்றம்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை இனிப்புத் தண்ணீர். இரண்டாவது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது, கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் புருஷன் தோர்லைவ் இருபத்தாறு வருஷம் இதே கொட்டிலில், இதே செம்பு அண்டாவில் காய்ச்சினான். ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. பெர்கனுக்குப் போனபோது அண்டாவை விட்டுவிட்டுப் போனான். அங்கே அவன் சேர்ந்துகொண்ட பெண்ணின் மாடி வீட்டில் வைக்க இடமில்லையாம். பெண்டாட்டியையும் அண்டாவையும் ஒரே காரணத்துக்காக விட்டுப் போயிருப்பான் போலிருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பயணிகள் படகில் இன்று நல்ல கூட்டம். ஜெர்மன்காரர்கள் இரண்டு பேருந்து நிறைய. கல்லில் அப்பம் சுட்டுச் சுட்டு மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் பேசுகிறேன். "வெண்ணெயா, ஜாமா?" இவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கு வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போடும் முன் கணக்குப் பார்த்தேன் — வெண்ணெய், ஜாம் இல்லாத வாக்கியம் ஒன்றாவது இன்று சொன்னேனா? சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்கா உன்னி போன் செய்தாள். ஸ்டவாங்கரில் அவள் வீட்டுக்குக் கீழ்த்தளம் காலியாகிறதாம். இரண்டு அறை, சின்ன சமையலறை, வாசலிலேயே பஸ்.

"நீ அங்க யாருக்காக இருக்க?" என்று கேட்டாள். மூத்தவள் என்றால் இப்படித்தான் கேட்பாள், சிறு வயதிலிருந்தே.

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"அப்பம் சுடறதா? ஸ்டவாங்கர்லயும் அப்பம் சுடலாம். நவம்பர் கடைசிக்குள்ள சொல்லு. அப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

யாருக்காக இருக்கிறேன்? போனை வைத்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அஸ்லாக்கின் ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் எண்பது ஆடு, ஒரு நாய், ஒரு கிழட்டுப் பிரம்மச்சாரி. ஓடையைத் தாண்டினால் ராக்னா, பனி வாரும் வண்டி ஓட்டுபவள். மேலே இன்னும் நாலு வீடு. இருபத்தெட்டு வருஷமாக எல்லோரையும் தெரியும். ஆனால் தோர்லைவ் போன இந்த இரண்டு வருஷத்தில் ஒருவரும் இந்த வாசல்படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் தலையாட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

அவர்கள் எல்லோரும் தோர்லைவின் ஆட்கள். நான் கட்டிக்கொண்டு வந்தவள். கட்டியவன் போய்விட்டான், முடிச்சும் போயிற்று.

செப்டம்பர் 23

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எதற்காகக் காய்ச்சுகிறேன்? எனக்கு பீர் அவ்வளவாகப் பிடிக்காது. காபிதான்.

அவன் காய்ச்சினால் மூன்றாம் நாள் வீடு நிறைந்துவிடும். நுரை அடங்கி, முதன்முதலாகத் தொட்டியைத் திறந்து குடிக்கிற நாள் அது. யாரும் யாரையும் வா என்று சொல்ல மாட்டார்கள். கதவைத் தட்டக்கூட மாட்டார்கள். பூட்ஸைத் தட்டிக்கொண்டு நேராகக் கொட்டிலுக்குள் போவார்கள். நான் உருளைக்கிழங்கு அவித்தே ஓய்ந்துபோவேன். எப்போது கிளம்புவார்கள் என்று இருக்கும் அப்போது.

நல்லதாக ஒரு தொட்டி இறங்கினால் வருவார்கள் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான். கெட்ட பீருக்கு யார் வருவார்கள்?

நவம்பர் முடிவதற்குள் ஒன்றாவது சரியாக வந்து, ஒரு ஆளாவது வந்து குடித்தால் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் உன்னியின் கீழ்த்தளம். எழுதிவிட்டேன், இனி மாற்றக் கூடாது.

அக்டோபர் 5, சனி

நாலாவது தடவை. காலை ஆறு மணிக்கு அண்டாவுக்குத் தீ மூட்டினேன். வாசனைக்குப் போடுகிற ஜூனிபர் புதரின் கிளைகளை நேற்றே வெட்டி வந்து, கை முழுக்க முள் கீறல். கிளை வெந்த தண்ணீரில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, கலந்து, ஊற வைத்து, வடித்து, மறுபடி காய்ச்சி — எல்லாம் அவன் செய்கிறபடியே. ஆற வைக்கும்போது மட்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். நகரத்துக் கடையில் வாங்கிய புத்தகம், வழவழப்பான தாள். சூடு இருபது டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் ஈஸ்ட் போட வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அவனுக்கு வெப்பமானியே கிடையாது, கையை விட்டுப் பார்ப்பான். எனக்கு என் கையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஓடைத் தண்ணீரில் தொட்டியை நிற்க வைத்து, இருபது காட்டும் வரை காத்திருந்தேன். தசமப் புள்ளிகூடப் பிசகவில்லை.

ஈஸ்ட் அவன் உலர்த்தி வைத்துவிட்டுப் போனது. காய்ந்த சருகு மாதிரி, உறைபெட்டியில் ஒரு தகர டப்பாவில். மேலே அவன் கையெழுத்தில் "தோர்லைவ்" என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைத் திறக்கும்போது திருடுவது போலிருக்கிறது.

ஈஸ்ட் போட்டதும் அவன் கொட்டில் வாசலில் நின்று மலை அதிரக் கத்துவான். கத்தினால்தான் பீருக்கு வீரியம் ஏறுமாம், பேய் பிசாசு ஓடுமாம். அந்தக் கூத்தையெல்லாம் நான் செய்யப் போவதில்லை. ஆளில்லாத வீட்டு வாசலில் ஐம்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை தனியாக நின்று ஊளையிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மூடி வைத்துவிட்டு, மால்ட் சக்கையை வாளியில் நிரப்பி வேலிக்கம்பத்தில் மாட்டினேன். அஸ்லாக்கின் ஆடுகளுக்குச் சக்கை என்றால் உயிர்.

அக்டோபர் 6

வாளி திரும்பி வந்து கம்பத்தில் தொங்குகிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறான். எப்போது வந்தான், எப்போது போனான் தெரியாது.

அக்டோபர் 7, திங்கள்

மூன்றாம் நாள். கோப்பைகளைக் கழுவிக் கொட்டிலில் வரிசையாக வைத்தேன். உருளைக்கிழங்கும் அவித்தேன். ஆட்டிறைச்சி கொஞ்சம் இருந்தது.

யாரும் வரவில்லை. அந்த உருளைக்கிழங்கை நாளைக்கு வறுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 19, சனி

அன்றைக்கு யாரும் வராததால் திறக்காமல் விட்ட தொட்டியை, புத்தகம் சொன்னபடி இரண்டு வாரம் கழித்துத் திறந்தேன். மேலே ஏடு கட்டியிருக்கிறது. பழைய பால் வாசனை. ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன், அப்படியே துப்பிவிட்டேன்.

ஆறு நடை.

அழவில்லை என்று எழுதத் தொடங்கினேன். பொய். கடைசி வாளியை ஊற்றும்போது கழிவறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பீருக்காக அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அவன் இங்கிருந்து ஒன்றையும் எடுத்துப் போகவில்லை, ஆனாலும் எல்லாம் அவன் பின்னாலேயே போய்விட்டது. இந்த ஈஸ்ட்கூட. அவனுக்கு மட்டும்தான் வேலை செய்வேன் என்று அடம் பிடிக்கிறது.

தனியாக இருக்கிறேன். இதையும் எழுதிவிட்டேன். எழுதினால் குறையும் என்று யாரோ சொன்னார்கள். குறையவில்லை.

அக்டோபர் 26, சனி

மானம் போயிற்று. கடையில், எல்லோர் முன்னாலும்.

காபித் தூள் வாங்கக் கல்லா வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அஸ்லாக். திரும்பிப் பார்த்து, "மறுபடி எப்ப காய்ச்சற? ஆடுங்க வேலிகிட்டயே நிக்குதுங்க" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"ஆட்டுக்குச் சக்கை வேணும், மனுஷங்களுக்கு என் பீர் வேண்டாம், அப்படித்தான?" என்றேன். "நாலு தடவ காய்ச்சினேன் அஸ்லாக். ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா? வாளிய மட்டும் நல்லா கழுவி மாட்டிட்டுப் போற. என் வீட்டு வாசல் என்ன சுடுதா?"

கல்லாவில் இருந்த பெண் கையில் பால் டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அஸ்லாக் தொப்பியைக் கழற்றினான். "நீ கத்தலையே" என்றான்.

"என்னது?"

"நீ கத்தல. தோர்லைவ் கத்துவான்ல, ஈஸ்ட் போட்டதும். என் வீட்டுக்குக் கேக்கும். ராக்னாவுக்குக் கேக்கும். அன்னைலேர்ந்து மூணாம் நாள் வருவோம். கத்தாம காய்ச்சினா, ஆள் வர வேண்டாம்னு அர்த்தம். வேண்டாம்ங்கற வீட்டுக்குள்ள எப்படி நுழையறது?"

"அது பேய் ஓட்டறதுக்குன்னு..."

"பேய் எங்க இருக்கு இங்க? இருக்கறதே ஏழு வீடு." பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ தனியா இருக்கணும்னு நெனைக்கறன்னு நாங்க நெனச்சோம். ராக்னா ரெண்டு தடவ கெளம்பினா. நான்தான் வேண்டாம், அவள விடுன்னு சொன்னேன். நீயா வேலிகிட்ட வந்து ஒரு வார்த்த பேசுவேன்னு வாளிய அங்கயே மாட்டினேன். நீ வாளிய எடுத்துக்கிட்டு உள்ள போயிடுவ."

அவனே பேச்சை மாற்றினான்.

"பீர் எப்படி?"

"கெட்டுப்போச்சு. நாலும்."

"எவ்வளவு சூட்டுல ஈஸ்ட் போட்ட?"

"இருபது. சரியா இருபது."

சிரித்தான் பாருங்கள், இருமல் வந்து கல்லாவைப் பிடித்துக்கொண்டான். "இருபதா! நம்ம ஈஸ்டுக்கா? அது கடைல விக்கற ஈஸ்டுக்கு. இது கறந்த பால் சூட்டுல போடணும், கைய விட்டா சுகமா இருக்கணும். குளிர்ல போட்டா தூங்கிடும். அது தூங்கினா வேற எதாவது உள்ள பூந்துடும்."

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், காபித் தூளை வாங்காமலேயே வந்திருக்கிறேன்.

அக்டோபர் 27

இருபத்தாறு வருஷம். மாசம் ஒரு தடவை என்று வைத்தால்கூட எத்தனை தடவை அந்தக் கத்தலைச் சமையலறையிலிருந்து கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் "வந்துவிட்டது பைத்தியம்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அண்டாப் புகையைப் பார்த்துத்தான் எல்லோரும் நாள் கணக்கிட்டு வருகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாளாவது கேட்டேனா? அவனும் சொல்லவில்லை. அவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

என் மேல் யாருக்கும் கோபமில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. இரண்டு வருஷம் வீணாகப் போனதே என்று வயிறு எரிகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

உன்னி மறுபடி போன். யோசிக்கிறேன் என்றேன். "என்னத்த யோசிக்கற?" என்றாள். ஒரு கத்தலை என்று சொல்ல முடியுமா?

நவம்பர் 12

படகுத் துறையில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கத்திப் பார்த்தேன். பூனை மாதிரி வந்தது. படகின் கேப்டன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏதாவது ஆச்சா?" பல் வலி என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

லீவு போட்டேன். ஐந்தாவது தடவை. இரவு பனி பெய்து முழங்கால் வரை கிடக்கிறது, ராக்னாவின் வண்டி விடியற்காலையிலேயே வாரிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

வெப்பமானியை மேசை இழுப்பறையில் போட்டேன், புத்தகத்தையும். சாறு ஆறும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தேன். முதலில் சுட்டது. பிறகு பொறுக்கிற சூடு. பிறகு ஒரு கட்டத்தில் கையை எடுக்கவே மனம் வரவில்லை. முழங்கை வரை விட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். அதுதான் என்று தெரிந்தது. டப்பாவைத் திறந்து ஈஸ்டைத் தூவினேன்.

பிறகு வாசலுக்கு வந்து நின்றேன். மணி மூன்று, வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் வந்தது இருமல். இரண்டாவது தடவை அவன் மாதிரியே கத்தப் பார்த்தேன், அவன் குரல் எனக்கு எப்படி வரும்? பாதியில் நின்றுவிட்டது. உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். ஆறு நடை தூக்கிக் கொட்டிய அந்த வாளி கொட்டிலுக்குள் நிற்பது கண்ணில் பட்டது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அண்டா மேலா, பெர்கன் மேலா, என் மேலா. திரும்பி நின்று கத்தினேன். வார்த்தை ஒன்றும் இல்லை அதில். மூச்சு தீரும் வரை கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது.

அஸ்லாக்கின் நாய் குரைத்தது. வேறு ஒன்றும் இல்லை. பனி பெய்திருந்தால் சத்தத்தைக் குடித்துவிடும் என்று பிறகுதான் நினைவு வந்தது.

சக்கை வாளியை வேலிக்கம்பத்தில் மாட்டினேன்.

நவம்பர் 23

வாளி கம்பத்தில் இல்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. எடுத்துப் போயிருக்கிறான், திருப்பி வைக்கவில்லை. கேட்டிருக்குமா? கேட்டு, இது என்ன காட்டுக்கூச்சல் என்று நினைத்திருப்பானா? தொட்டிமேல் காதை வைத்தேன். உள்ளே குபுகுபுவென்று கொதிக்கிற மாதிரி சத்தம். நாலு தடவையும் இந்தச் சத்தம் கேட்டதில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பகல் ஒரு மணி. உருளைக்கிழங்கு வெந்துவிட்டது.

இரண்டரை. யாரும் இல்லை. ஜன்னலண்டை நின்றால் அசிங்கம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மூன்றேகால். உன்னிக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "சரி, வரேன்." இரண்டே வார்த்தை. சுலபமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

படகுக்கு லேட். முதல் தடவையாக.

நேற்று மூன்றரைக்குக் கொட்டில் பக்கம் பூட்ஸ் தட்டுகிற சத்தம். கதவைத் தட்டவில்லை. நான் ஓடினேன், செருப்புக்கூடப் போடாமல் பனியில். அஸ்லாக் நின்றுகொண்டிருந்தான், கையில் என் வாளி. கழுவியிருந்தது.

"இன்னைக்கு நேரா குடுத்துக்கலாம்னுதான் கம்பத்துல மாட்டல" என்றான். "என்ன கத்தல் அது! என் ஆடு ரெண்டு பயந்துபோய் வேலிக் கம்பில மாட்டிக்கிச்சு."

அவன் பின்னால் ராக்னா. அவள் பின்னால் மேல்வீட்டு ஆட்கள். மொத்தம் ஒன்பது பேர். நான் எட்டுக் கோப்பைதான் வைத்திருந்தேன். ராக்னா காபிக் கோப்பையில் குடித்தாள்.

ஒருவர்கூடப் பாராட்டவில்லை. இனிப்பு தூக்கல் என்றான் அஸ்லாக். ஜூனிபர் ஜாஸ்தி என்றாள் மேல்வீட்டுக்காரி. உருளைக்கிழங்கில் உப்பு இல்லை என்று இன்னொருவர். சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள், தொட்டி பாதிக்கு மேல் காலி. தோர்லைவ் பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. அண்டாவைப் பளபளவென்று வைத்திருக்கிறாயே, அவன் இருந்தபோது கரி பிடித்துக் கிடக்கும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதியும்விட்டேன்.

கிளம்பும்போது ராக்னா தயங்கி நின்றாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு காலி ஜாம் பாட்டிலை எடுத்தாள். "எங்க ஈஸ்ட் கோடையிலயே கெட்டுப்போச்சு. கொஞ்சம் குடுக்கறியா? கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சணும்."

"என் பீர் சுமார்னுதானே எல்லாரும் சொன்னீங்க?"

"பீர் சுமார்தான். ஈஸ்ட் நல்லாயிருக்கு." தொட்டியின் அடியில் படிந்ததை அவளே கரண்டியால் வழித்துப் பாட்டிலில் போட்டாள். "உன்னோடது எப்பவாவது கெட்டா என்கிட்ட வந்து வாங்கிக்கோ. அதுக்குத்தான ரெண்டு வீட்டுல வைக்கறது." பேனா இருக்கிறதா என்று கேட்டாள். பாட்டில் மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் என் பெயரை எழுதினாள். குன்வோர்.

நவம்பர் 26

தகர டப்பாவிலிருந்த பழைய ஈஸ்டைக் கொட்டினேன். புதியதைத் தாளில் பரப்பி அடுப்புப் பக்கத்தில் உலர வைத்திருக்கிறேன்.

நவம்பர் 28, வியாழன்

உன்னிக்குப் போன் செய்தேன். கீழ்த்தளத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடச் சொன்னேன். "ஏன், என்ன ஆச்சு?" என்றாள். என் ஈஸ்ட் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றேன். பைத்தியமா உனக்கு என்றாள். தொண்டை இன்னும் சரியாகவில்லை, அதிகம் பேச முடியவில்லை.

நவம்பர் 30, சனி

ராக்னா வீட்டில் காலையிலிருந்து புகை. இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பளிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு மணி பத்து நிமிஷம். கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் திங்கட்கிழமை, லீவு சொல்ல வேண்டும்.